வளவுக்கு மேலே ஒரு விமானம்

புங்குடுதீவு
03.03.2025

அன்புள்ள கம்சி அக்காவுக்கு,

முதலில் ஒரு மன்றாட்டு. இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டாதீர்கள். பெரியம்மாவுக்கும் வேண்டாம். பெரியப்பாவின் கண்ணில் இதன் உறைகூடப் படக்கூடாது. வாசித்ததும் கிழித்து, நீங்கள் வேலை செய்கிற இடத்துக் குப்பையில் போடுங்கள். வீட்டுக் குப்பையில் போடாதீர்கள்.

நீங்கள் எல்லாரும் சுகம்தானே? பெரியப்பாவின் நெஞ்சு ஒப்பரேசன் காயம் ஆறிவிட்டதா? எங்கள் உடம்புகளுக்கு ஒரு குறையும் இல்லை. மனது மட்டும்தான்.

எனக்குப் போன் இல்லை. எங்கள் நிலாந்தி அக்காவைப் போன்தான் கெடுத்தது என்று என்னுடையதை அப்பா வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டார். அதனால்தான் எல்லாரும் படுத்த பிறகு நுளம்பு வலைக்குள் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நாளை நிமலினி தபாலில் போடுவாள். பதிலையும் அவளுடைய முகவரிக்கே அனுப்புங்கள். அவள் என்னோடு படிக்கிறவள், வாய் திறக்கமாட்டாள். அவளுடைய அண்ணையின் போனுக்கு மட்டும் எடுத்துவிடாதீர்கள். அவன் ஊருக்கே சொல்லிவிடுவான்.

நேற்றுப் பெரியப்பா அப்பாவோடு கதைத்தார். இனிப் பிளேன் ஏறக்கூடாது என்று டொக்டர் சொன்னதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாராம். வீட்டுக் கொம்பியூட்டரில் விமானம் ஓட்டுகிற சிமுலேட்டர்.

“தம்பி, ஸ்கைவேர்ல்ட் எண்டு ஒண்டு வந்திருக்கு. உலகம் முழுக்க மேலால எடுத்த படம், அப்பிடியே கிடக்கு. பலாலியில ஏறினன் எண்டால் பண்ணைப் பாலத்தாலை வந்து எங்கட வீட்டு வளவுக்கு மேல நிப்பன். நீ முற்றத்தில நிண்டு கை காட்டு” என்று சிரித்தார்.

“வாங்கோ அண்ணை, தேத்தண்ணி போட்டு வைக்கிறம்” என்று அப்பாவும் சிரித்தார்.

போனை வைத்த பிறகு அவர் கதிரையை விட்டு எழும்பவேயில்லை. “மேலால எல்லாம் தெரியுமோ?” என்று அம்மா கேட்டார். “தெரியுமாம்” என்றார் அப்பா.

கம்சி அக்கா, இங்கே பூட்டிக் கிடக்கிறதென்று நீங்கள் நினைக்கிற உங்கள் வீடு வெறுமையாக இல்லை. நிலாந்தி அக்காவும் சுதன் அத்தானும் ஒரு வருசமாக அங்கேதான் இருக்கிறார்கள்.

எழுவைதீவில் கடலுக்குப் போகிற ஒரு பெடியனோடு அக்கா போன அன்று பெரியப்பா ஸ்பீக்கரில் சொன்னது உங்களுக்கும் கேட்டிருக்கும். “நான் உயிரோடை இருக்குமட்டும் அவள் உன்ர வீட்டுப் படி மிதிக்கக் கூடாது.” அப்பா “ஓம் அண்ணை” என்றார். தகப்பன் செத்த பிறகு தன்னை வளர்த்துப் படிப்பித்த தமையனிடம் அவர் வேறு எதைச் சொல்லியும் நான் கேட்டதில்லை. அக்கா இன்றுவரை எங்கள் படியை மிதிக்கவில்லை. ஆனால் அவையளின் குடில் காற்றுக்கு விழுந்தபோது, உங்கள் வீட்டுப் பூட்டின் திறப்பை அப்பாவே கொண்டுபோய்க் கொடுத்தார். “அண்ணை என்ர வீட்டுப் படியைத்தான் சொன்னவர். தன்ர படியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை” என்று அம்மாவிடம் சொன்னார். அவர் நித்திரை கொள்வது அந்த ஒரு சொல்லைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான்.

எங்கள் ஒழுங்கையில் ஆளிருக்கிற வீடுகள் குறைவு. மதிலும் உயரம். உடைந்த கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறார்கள். அத்தானின் வள்ளம் கல்லில் அடிபட்டு அடி வெடித்ததால், அதை உழவு மெசினில் ஏற்றிவந்து முற்றத்தில் போட்டுத் திருத்துகிறார். சிவப்பு வள்ளம். வயல் செய்கிற கமக்காரர் வீட்டு முற்றத்தில் வள்ளம் எதற்கு என்று பெரியப்பா ஒருக்கால் கேட்டால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். அவர்களை அங்கிருந்து எழுப்பினால் போக இடம் இல்லை.

அவர் அந்தச் சிமுலேட்டரை வாங்க விடாதீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
தனுசியா

*

ஸ்காபரோ
25.03.2025

அன்புள்ள தனுவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் எல்லாருடைய சுகமும் அப்படியே இருக்கட்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த எழுத்து இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்தபோது நிலாந்தியும் நானும் ஒரே பாயில் படுத்தோம். சுதனைப் பற்றி அன்றே என்னிடம் சொன்னாள். நானும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒன்றைத் தெரிந்துகொள். சிமுலேட்டரில் தெரிவது இந்த நிமிடத்துக் காட்சி இல்லை. எப்போதோ எடுத்த படங்களைத் தரையில் விரித்திருப்பார்கள். அப்பா பறக்கும்போது முற்றத்தில் நீ நின்றாலும் அவருக்குத் தெரியாது. ஆனால் வள்ளம் கிடந்த நாளில் படம் எடுத்திருந்தால், அது அங்கேதான் கிடக்கும்.

இப்போது போட்டியில் இரண்டு இருக்கின்றன. ஸ்கைவேர்ல்ட் உலகத்தின் படங்களை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டே இருக்கும். பார்க்க மிக அழகு. ஏரோலைனில் விமானம் உண்மையானது போலக் காற்றில் குலுங்கும், கையில் பாரம் தெரியும் என்கிறார்கள். ஆனால் தரை பொய். காடு, வயல், வீடு எல்லாம் அது தானாகக் கற்பனை செய்து போடுவது. பெரிய நகரங்களைத் தவிர வேறு இடத்தை அடையாளம் பிடிக்க ஏலாது.

அப்பா ஸ்கைவேர்ல்ட்டில்தான் நிற்கிறார். இரவு பகலாக இரண்டையும் ஒப்பிடுகிற வீடியோக்களைப் பார்க்கிறார். முப்பது வருசம் விமான நிலையத்தில் டாக்ஸி ஓட்டியவர், ஒரு விமானத்தையும் ஓட்டியதில்லை. நான் சொன்னால் கேட்கமாட்டார். நீ கணிதம் படிக்கிற பிள்ளை என்று உன்மேல் அவருக்கு மதிப்பு. நீ சொல்லிப் பார்.

அவர் கெட்டவர் இல்லை, தனு. இதை நீ நம்ப வேண்டும் என்று எனக்கு ஏனோ ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
கம்சிகா

*

புங்குடுதீவு
20.04.2025

அன்பு கம்சி அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. புதுவருசம் உங்களுக்கு நல்லபடி பிறந்திருக்கும். இங்கே அம்மாவுக்கு மட்டும் தடிமன்.

உங்கள் கடிதம் வருவதற்குள் நாங்கள் ஒரு விசர் வேலை செய்துவிட்டோம். பெரியப்பா எந்த நேரமும் மேலே பறப்பார் என்று நினைத்து, வள்ளத்தைத் தென்னோலைக் கிடுகால் மூடி, தகரத்துக்குச் சாணித் தண்ணீர் தெளித்தோம். அக்காவின் சிவப்புச் சட்டைகளைக் கொடியில் போட வேண்டாம் என்று நான் சண்டை பிடித்தேன். மேலே ஏதாவது இரைந்தால் அம்மா குசினிக்குள் ஓடுவார். இப்போது சிரிப்பு வரவேண்டும், வரவில்லை. படம் எடுத்தாகிவிட்டதென்றால் எதை மூடி என்ன?

சொன்னபடி அப்பாவின் போனில் பெரியப்பாவோடு கதைத்தேன். பள்ளிக்கூடக் கொம்பியூட்டரில் ஆறு வீடியோ பார்த்துப் பாடமாக்கினேன்.

“பெரியப்பா, ஸ்கைவேர்ல்ட் படம் பாக்கிறவைக்கு. பிளேன் ஓட்டிறவை ஏரோலைனைத்தான் சொல்லினம்” என்றேன்.

“எடி, நீ எப்ப பைலற் ஆனனீ?”

“அது இணையம் நிண்டால் தரையும் நிண்டிடும், பெரியப்பா. பாதி வழியில ஊர் காணாமல் போயிடும். இது எல்லாத்தையும் கொம்பியூட்டருக்குள்ளையே வைச்சிருக்கும். காத்து சரிச்சால் உண்மையா ஓட்டிறமாதிரிக் கையிலை பாரம் தெரியுமாம். சுக்கானுக்குப் பெடலும் வாங்கிக் காலாலை மிதிக்கலாம்.”

“காரிலை மிதிச்சது காணாதோ?” என்று சிரித்தார். பிறகு, “பிள்ளை படிச்சுப் பாத்துத்தான் சொல்லுது. எங்கட குடும்பத்திலை இப்பிடி ஒரு மூளை இருக்கு. சரி, நீ சொன்னதையே வாங்கிறன்” என்றார்.

அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

கிடுகு எல்லாம் நானும் அம்மாவும்தான் தூக்கினோம். அக்காவால் இப்போது தூக்க ஏலாது. அதை விடுங்கள்.

உங்கள் தங்கச்சி,
தனு

*

ஸ்காபரோ
12.05.2025

அன்பு தனுவுக்கு,

சித்தியின் தடிமன் மாறியிருக்கும். இங்கே குளிர் போய்விட்டது, அப்பா மட்டும் இன்னும் கம்பளித் தொப்பி போடுகிறார்.

ஏரோலைன் வாங்கியாகிவிட்டது. கூடவே ஜாய்ஸ்டிக், பெடல், யாழ்ப்பாணத்துக்கு வருகிற மாதிரி ஒரு சின்ன விமானம். பலாலி விமான நிலையத்தை யாரோ ஒரு ஆர்வக்காரர் தனியாகச் செய்து விற்கிறார், அதையும் சேர்த்தோம். இப்படி ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்கைகள் வாங்கிக்கொண்டே போகலாம் போலிருக்கிறது. எல்லாம் பூட்டிக் கொடுத்தது நான்தான். அவருக்கு அந்தக் கொம்பியூட்டரை எழுப்பவே தெரியாது.

முதல் பறப்புக்கு மினுக்கிய சேட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பலாலி அச்சாக இருந்தது. ஏறினார், தெற்கே திருப்பினார். “இப்ப பண்ணை வரும் பார்” என்றார். பண்ணை வரவில்லை. பாலமும் இல்லை. நீலக் கடலில் பச்சைத் துண்டுகள். நயினாதீவில் கோயில் இல்லை. நம்முடைய தீவு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு ஓடு போட்ட மாடி வீடுகளும், கனடாவில் நிற்கிற மாதிரி ஊசியிலை மரங்களும் நின்றன. ஒரு பனை இல்லை.

“உது எங்கட ஊர் இல்லை, ஆற்றையோ ஊர்” என்றார். தான் வழி பிழைத்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் போய் மறுபடி ஏறினார். அந்தக் கிழமை முழுக்க அப்படியே செய்தார். இப்போது ஏறுவதில்லை. விமானத்தைப் பலாலியில் நிறுத்திவிட்டு, கையில் ஜாய்ஸ்டிக்கோடு இருந்து திரையைப் பார்க்கிறார். முப்பத்தைந்து வருசம் அவர் தன் வளவைப் பார்க்கவில்லை, தனு. இனி நேரில் பார்க்கவும் போவதில்லை. அதை நான்தான் மறைத்துவைத்திருக்கிறேன்.

நிலாந்தியால் ஏன் தூக்க ஏலாது? சொல்லு.

கம்சிகா

*

புங்குடுதீவு
06.06.2025

அன்பு கம்சி அக்கா,

எல்லாரும் சுகம்தானே. பெரியப்பாவின் மருந்துகளை நேரத்துக்குக் கொடுங்கள்.

அக்காவுக்குப் பிள்ளை கிடைக்கப்போகிறது. ஒக்டோபர் கடைசி என்று மருத்துவிச்சி சொல்கிறார். கிளினிக் அட்டையில் உங்கள் வீட்டு முகவரிதான் எழுதியிருக்கிறது. அம்மா பின்வேலியால் சாப்பாடு கொண்டுபோகிறார். அப்பா போவதில்லை. ஆனால் மீன் குழம்பில் தலைப் பகுதி தனக்கு வேண்டாம் என்கிறார், அது எங்கே போகிறதென்று தெரிந்துகொண்டு.

வள்ளம் திருத்தியாகிவிட்டது. போன கிழமை குறிகட்டுவான் துறையில் இறக்கினார்கள். இனி முற்றம் வெறும் முற்றம்.

பெரியப்பாவை நினைத்தால் எனக்கும் நெஞ்சு வலிக்கிறது. அந்த ஊசியிலை மரங்கள் கனவிலும் வருகின்றன. ஆனால் தயவுசெய்து பொறுங்கள். பிள்ளை பிறக்கும் வரையாவது. அவருக்குச் சிமுலேட்டரில் வேறு இடம் வாங்கிக் கொடுங்கள். சுவிஸ் மலைகள் மிக நன்றாக இருக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். சுவிசில் பறந்தால் அவருக்குக் கொஞ்சம் மறக்கும்.

நான் எழுதுவது எவ்வளவு மடைத்தனம் என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

தனு

*

ஸ்காபரோ
28.07.2025

அன்பு தனுவுக்கு,

பதில் பிந்திவிட்டது, குறை நினைக்காதே. வேலையில் இடம் மாற்றினார்கள். இங்கே நல்ல வெயில். உங்களுக்கு அங்கே கிணற்றில் தண்ணீர் காணுமா?

நிலாந்தி கவனமாக இருக்கட்டும். என் அன்பைச் சொல்.

என் சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் ஸ்கைவேர்ல்ட் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். நம்முடைய வீடு தெரிந்தது. பாதிக் கூரை விழுந்து, முற்றம் முழுக்கப் பற்றை. தகரமும் இல்லை, வள்ளமும் இல்லை. பல வருசத்துக்கு முந்திய படம். நாம் வீணாகப் பயந்திருக்கிறோம். தீவுப் பக்கத்துப் படங்கள் எல்லாம் அப்படிப் பழையதாகத்தான் இருக்கும்போல.

அப்பா இப்போது மறுபடியும் பறக்கிறார். சந்தோசமாக இருக்கிறார். நேற்று இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார்.

வேறு விசேசம் இல்லை.

கம்சிகா

*

புங்குடுதீவு
20.08.2025

கம்சி அக்கா,

சுகம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை, மன்னியுங்கள்.

பெரியப்பா எதற்கு மேலே பறக்கிறார்? ஊசியிலை மரங்களுக்கு மேலே பறந்து ஒருவர் இரண்டு கோப்பை சோறு சாப்பிடுவாரா?

நிமலினியின் அண்ணை கொம்பியூட்டர் படிக்கிறவன். பொதுவாகக் கேட்கிறமாதிரிக் கேட்டேன். ஏரோலைனில் வேண்டிய இடத்துக்கு மட்டும் மேலால எடுத்த படத்தைத் தனியாக இறக்கி விரிக்கலாமாம். அந்தச் சேர்க்கை சும்மா கிடைக்குமாம். படத்தை எங்கிருந்து எடுப்பது என்று நாங்களே தெரிவுசெய்யலாமாம். “ஸ்கைவேர்ல்ட் தாறது பழசு. இதிலை எண்டால் இந்த வருசத்துப் படமே போடலாம்” என்றான்.

இந்த வருசத்துப் படம் என்றான், அக்கா.

பழைய படம் இருந்ததை வாங்க வேண்டாம் என்று மன்றாடியது நான்தான். அதை வாங்கியிருந்தால் பெரியப்பா பற்றையைப் பார்த்து, கொஞ்சம் அழுது, ஆறியிருப்பார். இதை யார் விரித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

போன ஞாயிறு பெரியப்பா அப்பாவுக்குப் போன் எடுத்தார். குரல் வேறுமாதிரி இருந்தது.

“தம்பி, வளவு எப்பிடிக் கிடக்கு?”

“அப்பிடியேதான் அண்ணை.”

“வீட்டிலை ஒருத்தரும் இல்லையே?”

“ஆர் அண்ணை இருக்கப்போகினம்?”

“முற்றத்திலை?”

“பத்தைதான், அண்ணை. துப்பரவாக்க ஆள் பிடிக்க ஏலாமல் கிடக்கு.”

“வடிவா யோசிச்சுச் சொல்லு, தம்பி. முற்றத்திலை ஒண்டும் இல்லையோ?” என்று மறுபடி கேட்டார். வள்ளம் போய் இரண்டு மாதம். அன்று அவர் சொன்னது ஒரு கணக்கில் உண்மைதான்.

“இல்லை அண்ணை.”

“சரி” என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. அப்பா எடுத்தாலும் பதில் இல்லை. எழுதுங்கள், அக்கா. கெதியாக எழுதுங்கள்.

தனு

*

ஸ்காபரோ
24.09.2025

தனு,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிறது. பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

நீ நினைத்தது சரி. நான் விரித்த படம் இந்த வருசம் மாசி மாதத்தது. அப்பா முதல் நாள் பண்ணைப் பாலத்தைக் கண்டு கையைத் தட்டினார். பனைகளின் நிழல்கூடத் தெரிந்தது. வேலணை, பாலம், ஒவ்வொரு ஒழுங்கையாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். நம்முடைய தீவின் படத்தை நான் விரித்தது இரண்டு கிழமை கழித்துத்தான், அன்றுதான் வளவுக்கு மேலே வந்தார். பளபளவென்று ஒரு கூரை, நகக்கண் அளவுக்குச் சிவப்பாக ஒன்று. பதித்தார், இன்னும் பதித்தார். கீழே போகப் போகப் படம் கலங்கும், பனை மட்டத்தில் வெறும் நிறம்தான். மேலே ஏறி மறுபடி சுற்றினார். அன்று இரவு சாப்பிடவில்லை.

யாரோ வளவைப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். தம்பிக்குத் தெரியாமல் நடக்கிறது, தம்பியைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று தவித்தார். அதற்குத்தான் அன்று எடுத்தார். சித்தப்பா சொன்ன பதிலுக்குப் பிறகு வேலணையில் இருக்கிற அரியநாயகம் மாமாவிடம் விசாரித்தார். மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். போய்ப் பூட்டச் சொல்லி அப்பா அவருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். பிள்ளை வயிற்றில் இருப்பதை மாமா சொன்னாரோ தெரியாது. நான் சொல்லப் போனேன். “நீயும் சேர்ந்து எனக்கு ஒளிச்சனியோ?” என்று கேட்டார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் என் அறைக்குப் போய்விட்டேன்.

நிலாந்தியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் திட்டவில்லை. “என்ர தம்பி எனக்குப் பொய் சொல்லிப்போட்டான்” என்று மட்டும் சொல்கிறார். சுவரைப் பார்த்துச் சொல்கிறார். நாள் முழுக்க அந்த வளவுக்கு மேலே வட்டமடிக்கிறார்.

நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ அவருக்கே எழுது. என்னைவிட உன்னை அவர் நம்புவார்.

கம்சிகா

*

புங்குடுதீவு
19.10.2025

அன்பும் மதிப்பும் உள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் மகள் முறையான தனுசியா எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? பெரியம்மா சுகமா? இதற்கு முந்தி நான் உங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை. அப்பாவும் அம்மாவும் பக்கத்து அறையில் இருக்கிறார்கள், விளக்கை அணைத்துவிட்டார்கள், ஒருவரும் படுக்கவில்லை. நான் எழுதுவது அவர்களுக்குத் தெரியாது.

ஏரோலைனை வாங்குங்கள் என்று சொன்னது, நீங்கள் வளவைப் பார்க்கக்கூடாது என்பதற்காக. விமானத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை, காரணம் மட்டும் பொய். அப்பா உங்களிடம் பொய் சொன்னதும் பயத்தில்தான். உங்கள்மேல் உள்ள பயம் இல்லை, உங்களை இழந்துவிடுவோமோ என்ற பயம். அவர் இன்று வரை ஐம்பது தரமாவது உங்களுக்கு எடுத்திருப்பார். நீங்கள் எடுக்கவில்லை.

இன்று பின்னேரம் அரியநாயகம் மாமா இரண்டு பேரோடு வந்தார். புதுப் பூட்டுக் கொண்டுவந்தார். “தமையன்ர வீடு, தமையன் சொன்னதைச் செய்யிறன். என்னிலை பிழை இல்லை” என்றார்.

“இந்த நிலையிலை எங்கை போவாள், அண்ணை? வயித்தைப் பாருங்கோ” என்று அம்மா ஒழுங்கையில் நின்று அழுதார்.

“பெடியனுக்கு ஊர் இல்லையோ? எழுவைதீவு எங்கை, சந்திரனிலையோ கிடக்கு?” என்றார் மாமா. அவரோடு வந்த ஒருவர் சிரித்தார்.

சுதன் அத்தான் சண்டை பிடிக்கவில்லை. “மாமி அழாதேங்கோ. நாங்கள் போறம்” என்றார். சட்டிபானையை ஒரு உரப்பையில் போட்டார். போகும்போது வீட்டைக் கூட்டிவிட்டுப் போக வேண்டும் என்று அக்கா தும்புத்தடியைக் கேட்டாள். மாமா விடவில்லை.

அப்பா எங்கள் வாசல் படலைக்கு உள்ளே நின்றார். அக்கா வெளியே வந்து நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் படலை மட்டும்தான். திறந்துதான் இருந்தது, பெரியப்பா. வா என்று அப்பா சொல்லவில்லை. வரட்டோ என்று அக்காவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு குறிகட்டுவான் பக்கம் நடந்தாள். அதற்குப் பிறகு மழை தொடங்கியது. கடல் இரைகிறது. இந்தக் கடலில் இரவில் வள்ளம் விட ஒருவரையும் விடமாட்டார்கள். இறங்குதுறையில் ஒரு கொட்டில் இருக்கிறது, அதுவும் ஒழுகும். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

மேலே இருந்து பார்த்தால் ஆட்களுக்கு முகம் இல்லை, வயிறும் இல்லை. அதனால் சொல்கிறேன். அக்கா மெலிந்துவிட்டாள். காலிரண்டும் வீங்கி, செருப்புப் போட ஏலாது. அந்த வீட்டில் இருந்த நாளெல்லாம் உங்கள் சாமியறைக்கு விளக்கு வைத்தாள். உங்கள் அறையில் அவர்கள் ஒரு நாளும் படுக்கவில்லை, விறாந்தையில்தான் படுத்தார்கள். கிணற்றுக் கட்டு இடிந்து கிடந்தது, அத்தான் சீமெந்து பூசிக் கட்டினார். நீங்கள் வட்டமடித்தபோது இதில் ஒன்றும் தெரிந்திருக்காது.

உங்கள் சொல் பெரிது என்றுதான் அப்பா இப்படி நிற்கிறார். அவர் தானாகத் திறக்கமாட்டார். நீங்கள் ஒருக்கால் போனை எடுத்து, “தம்பி, அவளை உள்ளுக்கு எடு” என்று சொன்னால் போதும். மன்னிக்க வேண்டாம். அவளோடு கதைக்கவும் வேண்டாம். பிள்ளை பிறக்கும் வரை ஒரு கூரை. அவ்வளவுதான் கேட்கிறேன்.

இந்தக் கடிதம் உங்களிடம் வர மூன்று கிழமை ஆகும். அதற்குள் பிள்ளை பிறந்துவிடும். அது தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். எழுதுவதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

படலை அடிக்கிற சத்தம் கேட்கிறது. காற்றாக இருக்கும்.

காற்று இல்லை. கதவைத் தட்டுகிறார்கள். அத்தானின் குரல். “மாமி, மாமி” என்கிறார். அக்கா முனகுவது இங்கே கேட்கிறது. அம்மா எழும்பிவிட்டார், ஆனால் அப்பா முந்திப் போய்க் கதவடியில் நிற்கிறார். கதவின் திறப்பு அவருடைய கையில் இருக்கிறது. பெரியப்பா, அவர் கதவைப் பார்க்காமல் போனைப் பார்க்கிறார், நீங்கள்—